சமர்த்துப் பிள்ளைகள்

புறநானூற்றின் 46ஆம் பாட்டை நம்மில் பலரும் பள்ளிநாளிலேயே கேட்டிருப்போம். பகைவனாகிய மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட்டுக் கொல்லும்படி சோழன் கிள்ளிவளவன் ஆணையிடுகிறான். கோவூர் கிழார் குறுக்கே நின்று பாடி அவர்களைக் காப்பாற்றுகிறார். புறாவுக்காகத் தன்னையே தந்தவனின் வழிவந்தவன் நீ என்று மன்னனிடம் கூறுவதும், புலவர்க்குப் பகுத்துண்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள் என்று பிள்ளைகளுக்காக வாதாடுவதும் புலவர் மரபுக்கு உரியவை; அவற்றில் வியப்பில்லை. நம்மை நிறுத்தி வைப்பது இன்னோரிடம். அழுதுகொண்டிருந்த அச்சிறுவர்கள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிடுகின்றனர். பின்னர் மன்றத்தில் திரண்டிருக்கும் அறியாத முகங்களைக் கண்டு மருள்கின்றனர். கொல்ல வந்த யானை அவர்களுக்கு வேடிக்கை. கூடியிருக்கும் மனிதரே அச்சம். குழந்தையின் துயரத்தைத் தன் துயரத்தின் சிறிய அளவாக எண்ணாமல், அதற்கென ஒரு தனிப் போக்கு உண்டென்று கண்ட கண் அது.

இந்தக் கண் நம் பிற்கால இலக்கியத்தில் நெடுங்காலம் மூடிக் கிடந்தது என்றே சொல்ல வேண்டும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையைத் தெய்வமாக்கினர். நீதிநூல் இயற்றியோர் மாணாக்கனாக்கினர். பிள்ளையின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கும் வேலையை மீண்டும் மேற்கொண்டவர்கள் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் சிறுகதை ஆசிரியர்களே. தி. ஜானகிராமன், கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் ஆகிய மூவரின் கதைகள் சிலவற்றை அந்த நோக்கில் இங்கு எடுத்துப் பார்க்கலாம். இக்கதைகளை நம் திறனாய்வாளர்கள் பாராட்டாமல் இல்லை. 'மனிதநேயம்', 'கனிவு', 'குழந்தை உள்ளம்' ஆகிய சொற்கள் போதுமான அளவு செலவாகிவிட்டன. ஆனால் அச்சொற்கள் எல்லாம் படிக்கும் நம்முடைய நெகிழ்ச்சியைக் குறிக்கின்றனவே அன்றி, கதைக்குள் இருக்கும் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பதைக் குறிப்பதில்லை. நம் கருத்து இதுதான்: இளமையில் பட்ட அடி இக்கதைகளில் அழுகையாக வெளிப்படுவதில்லை; நாம் 'சமர்த்து' என்று மெச்சுகிற குணமாக வெளிப்படுகிறது. அதனாலேயே அதனை நாம் காணத் தவறுகிறோம்.

'சிலிர்ப்பு' என்னும் ஜானகிராமன் கதையை அறியாத வாசகர் அரியர். தந்தை ஒருவர் தம் சின்னஞ்சிறு மகனுடன் இரயிலில் செல்கிறார். அதே பெட்டியில் ஓர் அம்மாளுடன் பத்து வயதை ஒட்டிய ஒரு பெண்ணும் ஏறுகிறாள். கல்கத்தாவில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போகிறாள் அவள். தான் தின்னாமல் கையிலேயே வைத்துக் காத்துவந்த ஆரஞ்சுப் பழத்தை அந்தச் சிறுவன் இறங்கும் நேரத்தில் அவளிடம் கொடுத்துவிடுகிறான். தந்தைக்கு மெய்சிலிர்க்கிறது, நமக்கும் சிலிர்க்கிறது. இக்கதையைப் பற்றிப் பேசுவோர் யாவரும் அந்தப் பழத்தைப் பற்றியே பேசுவர். நாமும் பல ஆண்டுகள் அப்படியே பேசி வந்தோம்.

அண்மையில் மீண்டும் படித்தபோது நம் கவனம் பழத்தை விட்டு அப்பெண்ணின் மீது சென்றது. அவள் அழவில்லை. முறையிடவில்லை. என்ன வேலை தெரியும் என்று கேட்டால், தனக்குத் தெரிந்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். கேட்ட கேள்விக்கு அளவாக விடை, கேளாததற்கு மௌனம். பெட்டியில் இருக்கும் பெரியவர்களுக்கு அவள் நிதானம் வியப்பாக இருக்கிறது. அதே பெட்டியில் அவளுக்கு எதிரே இருக்கும் சிறுவனோ தன் வயதுக்குரிய அடமும் ஆசையும் உடையவன். பழம் வேண்டும் என்கிற ஆசை அவனுக்கு இருப்பதால்தான் அதை விட்டுக்கொடுப்பது கொடையாகிறது. அவளுக்கோ வேண்டும் என்று சொல்லும் பழக்கமே இல்லை. இரண்டு குழந்தைகளுக்கும் இடையில் உள்ள வேறுபாடு செல்வ வறுமை வேறுபாடு மட்டுமன்று. ஒருவனுக்கு ஆசைப்பட உரிமை இருக்கிறது. மற்றவளிடமிருந்து அது எப்போதோ கழன்றுபோயிருக்கிறது. எந்த வீட்டில், எந்த நாளில் கழன்றது என்று ஆசிரியர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை சற்றுக் கீழிறங்கியிருக்கும்.

இங்கு ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கதையின் பெயர் தந்தையின் உணர்ச்சிக்கு உரியது. தம் மகன் நல்லவனாக வளர்கிறான் என்ற பெருமிதத்தில் கதை முடிகிறது. அப்பெண் வண்டியோடு போய்விடுகிறாள். ஒரு பழத்தின் செலவில் நம் மனச்சான்று அமைதி அடைந்துவிடுகிறது என்று எவரேனும் குற்றம் சாட்டினால், அதனை முழுவதும் மறுக்க நம்மால் இயலாது. ஆயினும் ஜானகிராமன் அப்பெண்ணை அழவிட்டு நம் கண்ணீரை எளிதாகப் பறிக்கவில்லை. அவள் நிதானத்தை அப்படியே விட்டுவைத்தார். அந்த நேர்மை இருப்பதால்தான், இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அவளைத் தேடி மீண்டும் அக்கதைக்குள் செல்ல முடிகிறது.

உளநூலார் இதே உண்மைக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தனர். ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் 1945இல் இரண்டு வகைக் குழந்தைகளை ஒப்பிட்டு எழுதினார். ஒரு வகையினர் அநாதை விடுதியில் நல்ல உணவும் தூய்மையும் மருத்துவ வசதியும் பெற்றுவந்தவர். ஆனால் தூக்கி எடுத்துக் கொஞ்ச ஆள் இல்லாதவர். மற்றவர் சிறைச்சாலையில் தண்டனை பெற்ற தாய்மாரின் கையிலேயே வளர்ந்தவர். சிறைக் குழந்தைகள் ஓடி விளையாடி வளர்ந்தன. விடுதிக் குழந்தைகள் நலிந்தன. நலிந்தவற்றுள் பல முதலில் அழுதன. பின்னர் அழுவதையும் நிறுத்தி அசைவற்றுக் கிடந்தன. தாயிடமிருந்து பிரிந்த குழந்தையின் மனநிலை பற்றி ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் எழுதிய அறிக்கை இச்செய்தியை உலகெங்கும் கொண்டுசென்றது. இளமையில் வீட்டில் பட்ட வன்முறையும் புறக்கணிப்பும் பலவாகச் சேரச் சேர, வளர்ந்தபின் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் இதயநோயும் கூடக் கூடுகின்றன என்று 1998இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஆயிரக்கணக்கான வளர்ந்தவர்களைக் கேட்டு ஆராய்ந்தவர்கள் காட்டினர். அடங்கிக் கிடக்கும் பிள்ளையைத் தொல்லையில்லாத பிள்ளை என்று எண்ணிவிடலாகாது என்பது இன்று குழந்தை மருத்துவர்களுக்குப் பாலபாடம். நம் பாட்டிமார்கள் 'இருக்கிற இடம் தெரியாது' என்று எந்தக் குழந்தையைப் புகழ்ந்தார்களோ, அந்தக் குழந்தையைப் பற்றித்தான் அவர்கள் பேசுகின்றனர்.

வறுமையே இத்தகைய காயத்தை உண்டாக்கும் என்றால், அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை. அதில் பசியும் இல்லை, அடியும் இல்லை. பத்திரிகை அலுவலகத்தில் பணிபுரியும் ஒருவர். ஞாயிறு தோறும் அவர் வீட்டைச் சூறையாடும் அண்டை வீட்டுப் பிள்ளைகள். அவர் கொண்டுவரும் புத்தகங்களுக்காக அவர்கள் இடும் சண்டை. படிக்கப் படிக்க இன்பமான கதை. அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் சாரங்கன் என்றொரு பையன் இருக்கிறான். கலகலப்பாகப் பேசி உரிமை கொண்டாடும் பிள்ளைகளுக்குப் புத்தாண்டு டைரி பரிசாகக் கிடைக்கிறது. சாரங்கனுக்குக் கிடைக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்று எவரும் எண்ணவில்லை; அவன் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவே. சாரங்கன் சண்டையிடவில்லை, கோபித்துக்கொள்ளவுமில்லை. அவரைத் தன் வீட்டுக்கு வருமாறு பணிவாக, விடாமல் வேண்டுகிறான். வந்தவரைப் பெரிய மனிதனைப் போல உபசரிக்கிறான். பின்னர்த் தானே வாங்கி வைத்திருக்கும் ஒரு டைரியை எடுத்து நீட்டி, அவர் தனக்கு அன்பளிப்பாகத் தந்ததென்று அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்கிறான்.

இந்தக் கதையைப் 'பிள்ளை மனத்தின் ஏக்கம்' என்று ஒரு தொடரில் முடித்துவிடுவது நம் வழக்கம். நாம் இன்னும் சற்று நின்று பார்க்கலாம். சாரங்கன் கேட்பது டைரியை அன்று. டைரி அவனிடம் இருக்கிறது. அன்பையும் அவன் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவனுக்கு இல்லை. அன்பின் அடையாளத்தைத் தன் செலவிலேயே உண்டாக்கிக்கொண்டு, பெரியவரிடம் கையெழுத்தை மட்டும் கேட்கிறான். கொடுப்பவருக்கு எந்தச் சிரமமும் நேராதபடி, ஏன் விட்டுவிட்டீர்கள் என்ற கேள்வி கூட எழாதபடி, எல்லாவற்றையும் அவனே ஏற்பாடு செய்துவிட்டான். எத்தனை சமர்த்து! புறக்கணிக்கப்பட்ட பிள்ளை, தன்னைப் புறக்கணித்தவருக்காகவே வழி செய்து கொடுக்கும் நிலை அது. உபசரிப்பைப் படிக்கும்போது நம் முகத்தில் இருந்த புன்னகை, எழுதுகோலைக் கையில் எடுக்கும் கணத்தில் எங்கே போகிறதென்று தெரிவதில்லை.

இது அற்பமான நிகழ்ச்சி, இதைத் துன்பம் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு டைரி கிடைக்காததால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போவதில்லை என்பது உண்மையே. ஆனால் சாரங்கனின் செய்கையில் உள்ள பழக்கத்தைப் பாருங்கள். இன்று முதல்முறையாக விடுபட்ட பிள்ளை அழும், அல்லது அடம் பிடிக்கும். இத்தனை நுட்பமாக ஏற்பாடு செய்கிற பிள்ளை பலமுறை விடுபட்டிருக்க வேண்டும். கதையில் சொல்லப்படாத அந்தப் பல முறைகளை ஒரே செயலின் வாயிலாகக் காட்டியதே அழகிரிசாமியின் ஆற்றல். 1970இல், அவர் மறைந்த ஆண்டிலேயே, இக்கதையின் பெயரைத் தாங்கிய தொகுதிக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

ஜானகிராமனின் 'முள்முடி' மாணவரின் கதையாகவன்றி ஆசிரியரின் கதையாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அனுகூலசாமி முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு மாணவனைக் கூட அடிக்காமல் பணியாற்றி ஓய்வு பெறுகிறார். பாராட்டும் மாலையும் மேளமுமாக வீடு வந்து சேர்ந்த அன்றே, ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு வருகிறாள். அவன் ஒரு புத்தகத்தைத் திருடியவன். அவனோடு பேச வேண்டாம் என்று எப்போதோ ஆசிரியர் வாயிலிருந்து வந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு, உடன் படிக்கும் பிள்ளைகள் ஓராண்டு காலம் அவனோடு பேசவில்லை. ஆசிரியருக்குப் பரிசளிக்கத் திரட்டிய பணத்தில் அவன் பங்கையும் ஏற்க மறுத்துவிட்டனர். சொன்னவர் மறந்துவிட்டார். பிரம்பெடுக்காத பெருமையோடு இருந்தவர் தலையில் முள்முடி ஏறுகிறது.

ஆசிரியரின் வேதனையை எழுதிய அளவுக்கு அப்பையனின் ஓராண்டை எழுதவில்லை ஜானகிராமன். அதற்கு இடமும் இல்லை. ஆயினும் அந்த ஓராண்டை எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் நாம். பிள்ளைக்கு ஓராண்டு என்பது நம்முடைய ஓராண்டன்று. எட்டு வயதுக் குழந்தைக்கு அது வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கு. உணவு வேளையில் யாரோடு உட்கார்ந்தான், விளையாட்டு மணியில் எங்கே நின்றான் என்பனவெல்லாம் கதைக்கு வெளியே இருக்கின்றன. அடியின் தழும்பு ஆசிரியர் கண்ணில் படும். பேசாமையின் தழும்பு எவர் கண்ணிலும் படாது. அப்பையனும் அழுது காட்டவில்லை. அவனுக்காகப் பேசுவதற்கு ஒரு தாய் இருந்தாள், வந்தாள். அவ்வளவே அவன் பேறு.

இனி இடைசெவலுக்குப் போகலாம். கோவில்பட்டியை அடுத்த அச்சிற்றூர் அழகிரிசாமிக்கும் ராஜநாராயணனுக்கும் பிறந்த ஊர். இருவரும் இளமைத் தோழர்கள். ஒரே ஊரின் கரிசல் மண்ணும் ஒரே வறுமையும் இருவர் எழுத்திலும் இருக்கின்றன. ஆனால் வறிய பிள்ளைகளை இவர்கள் இரக்கத்துக்கு உரிய பொம்மைகளாக நிறுத்தவில்லை. ராஜநாராயணனின் 'கதவு' குழந்தைகளின் கூத்தோடுதான் தொடங்குகிறது. வீட்டின் பழங்கதவே அவர்களுக்குப் பேருந்து. ஏறிக்கொண்டு ஆட்டுவதே பயணம். அதன்மேல் தீப்பெட்டிப் படம் ஒட்டுவதே அலங்காரம். தந்தை பிழைப்புத் தேடி வெளியூர் போயிருக்கிறார். அவரிடமிருந்து செய்தி இல்லை. தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றிக்கொண்டு போகின்றனர். வாடைக்குத் திறந்து கிடந்த அந்த வீட்டில் கைக்குழந்தை நோயுற்று இறக்கிறது. பின்னொரு நாள், எடுத்துச் சென்ற கதவு ஓரிடத்தில் சார்த்தி வைக்கப்பட்டிருப்பதைக் கண்ட பிள்ளைகள் ஓடிச்சென்று அதைத் தழுவிக்கொள்கின்றனர்.

இறந்த தம்பிக்காக அப்பிள்ளைகள் அழுததை விடக் கதவைத் தழுவியதே நம் நெஞ்சில் தைக்கிறது. ஏன்? குழந்தை தன் இழப்பை இழந்த பொருளிலேயே துக்கிப்பதில்லை. கைக்கு எட்டும் வேறொன்றில் அதைக் கொண்டுபோய் வைக்கிறது. மலையமானின் பிள்ளைகள் யானையைக் கண்டு அழுகையை மறந்ததும், இப்பிள்ளைகள் மரக்கதவின்மீது முகம் வைத்து மகிழ்ந்ததும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. கதவு திரும்பக் கிடைத்தால் அப்பாவும் தம்பியும் விளையாட்டும் திரும்பிவிடும் என்று அவர்கள் நினைத்தார்கள் என்று நாம் எழுதினால் அது மிகை. ஆனால் அந்தப் பிடி இறுகியிருந்தது என்று ஆசிரியர் காட்டுகிறார், அது போதும்.

அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' இவற்றுக்கு மறுபக்கம். செல்வர் வீட்டுப் பையனோடு வறிய வீட்டுப் பிள்ளைகள் பெருமை பேசிப் போட்டியிடுகின்றனர். தீபாவளியை ஒட்டிய மழைநாளில், உடம்பெல்லாம் புண்ணோடு, ஆடையின்றி, எவருமற்ற ஒரு சிறுவன் அவர்கள் வீட்டருகே வந்து ஒதுங்குகிறான். பிள்ளைகளின் தாய் தாயம்மாள் அவனை உள்ளே அழைத்து உணவிடுகிறாள். தீபாவளியன்று தன் பிள்ளைகளோடு சேர்த்து அவனுக்கும் எண்ணெய் தேய்த்து நீராட்டி, வீட்டில் இருந்த துணியை உடுத்திவிடுகிறாள். அவன் பெயர் ராஜா. தங்கள் வீட்டுக்கு ஒரு ராஜா வந்திருக்கிறார் என்று செல்வர் வீட்டுப் பையன் பெருமை பேச, எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார் என்று சிறுமி மங்கம்மாள் விடை கூறுகிறாள்.

அப்புண்ணுக்கு எண்ணெய் தேய்க்கும் இடத்தைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். எரியும் என்று அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆயினும் இன்னொரு மனிதரின் கை அவன் உடம்பின்மேல் படுகிறது. எமி வெர்னர் என்னும் உளநூலார் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்துவந்தார். வறுமை, குடும்பக் குலைவு, பெற்றோரின் நோய் எனப் பல கேடுகளின் நடுவே பிறந்தவர்களுள்ளும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனத்திட்பத்துடன் வளர்ந்தனர் என்று கண்டார். அவர்களுக்குப் பொதுவாக வாய்த்திருந்தவற்றுள் ஒன்று, பெற்றோரோ பாட்டியோ அண்டை வீட்டாரோ ஆசிரியரோ, நம்பி ஒட்டிக்கொள்ள யாரேனும் ஒருவர். தாயம்மாள் அத்தகைய ஒருவர். ஒருநாள் நீராட்டில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று அழகிரிசாமி சொல்லவில்லை. தீபாவளிக்கு மறுநாள் அச்சிறுவன் எங்கிருப்பான் என்பதையும் சொல்லவில்லை. கதையின் மகிழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த மறுநாளை விட்டுவிடுவது வாசகரின் சோம்பல்.

மறுநாளை எழுதியவர் ஒருவரையேனும் குறிப்பிடாவிட்டால் இக்கட்டுரை நிறைவுறாது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' 2000இல் வெளிவந்தது. பண்ணையில் ஆடு மேய்க்க விடப்பட்ட தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவனின் நாட்கள் அதில் நாட்களாகவே எழுதப்பட்டுள்ளன. காட்டில் தோழர்களோடு இருக்கையில் அவன் குறும்பன். பண்ணையாரின் முன் வந்தால் வேறொருவன். ஒரே பிள்ளைக்குள் இரண்டு பிள்ளைகள். மூத்த எழுத்தாளர்கள் நிலைப்படியில் நின்று பார்த்ததை இவர் மேய்ச்சல் காட்டிலேயே இருந்து பார்க்கிறார். இங்கே சிலிர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அதுவே இந்நாவலின் வலிமை.

ஜானகிராமன் 1960களின் பிற்பகுதியில் தில்லிக்கு வந்து வானொலியில் பணியாற்றியவர், 1982இல் மறைந்தார். அவரை இந்நகர்த் தமிழர் தம்மவர் என்று பெருமையோடு உரிமை கொண்டாடுகிறோம். கொண்டாடும்போது 'சிலிர்ப்பு' கதையில் நமக்குள்ள பங்கையும் ஏற்பது முறை. அக்கதையில் தந்தையும் மகனும் இறங்கிப் போய்விடுகின்றனர். வாசகரும் அவர்களோடு இறங்கிவிடுகிறார். வண்டி மேலே செல்கிறது. அது சென்று சேரும் ஊர்களில் வாழ்பவர்கள் நாம். கல்கத்தாவாயினும் பம்பாயாயினும் தில்லியாயினும், கணவனும் மனைவியும் அலுவலகம் செல்லும் வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஒரு பெண்ணை அழைத்துவருவது நம்மவரிடையே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் அம்மாமார்களோடு இரண்டு இரவுகள் பயணம் செய்து வந்திறங்கிய அச்சிறுமிகளைக் கரோல் பாக்கிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் பழைய குடும்பங்கள் அறியும். பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வது 2006 அக்டோபர் 10 முதல் சட்டப்படி குற்றமாயிற்று. அதன்பின் 2016இல் சட்டம் மேலும் இறுகியது. அதற்கு முந்திய ஆண்டுகளில் நாம் அதனைக் குற்றமாக எண்ணவில்லை. ஒரு வயிற்றுக்குச் சோறு போடுகிறோம் என்றே எண்ணினோம். பலர் உண்மையிலேயே நல்ல சோறும் போட்டனர், பொங்கலுக்குப் புதுத்துணியும் எடுத்தனர்.

அந்தப் பெண்களைப் பற்றி நம் வீடுகளில் சொல்லப்பட்ட சொல் ஒன்றே. சொன்ன வேலையைச் செய்வாள், எதிர்த்துப் பேசமாட்டாள், ஊர் நினைவென்று ஒருநாளும் அழுததில்லை, நல்ல சமர்த்து. நம் பிள்ளைகள் அவர்களை 'அக்கா' என்றே அழைத்தனர். அந்த அக்காவுக்கு என்ன வயது என்று விருந்தினர் எவரேனும் கேட்டால், பத்திருக்கும், பன்னிரண்டிருக்கும் என்று நாம் மழுப்பி விடை சொன்னதுண்டு. அவளைக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.